துடைத்தால் போகும் கருப்பு

எந்த மை அட்டக்கருப்பாக இருக்கிறதோ அதுதான் அதிக நாள் நிற்கும் என்று நம்பிய முட்டாள் நான். இதற்குச் சிரித்துக்கொள்ளுங்கள். மீதிக்குச் சிரிப்பு வராது.

பாம்பனில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். புதிதாக வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டருக்கு இரண்டு கருப்பு மை: பளபளப்பான தாளுக்கு ஒன்று, பளபளப்பில்லாத மேட் தாளுக்கு ஒன்று. மேட் மைதான் கரிக்கட்டை மாதிரி இருந்தது. அதையே பளபளப்பான தாளில் அடித்தேன்.

செல்வியின் புருசன் படம் அது, கடலுக்குப் போய்த் திரும்பாதவன். கண்ணாடி போடலாமா என்று கேட்டாள்.

"எதுக்கு தாயி? கண்ணாடி ஈரங்கோக்கும். சும்மா மாட்டு. நூறு வருசம் நிக்கும்."

உப்புக்காற்றில் எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு படியும். துடைக்காமல் யார் இருப்பார்கள்?

ஒரே வாரத்தில் புருசனின் அண்ணன் படத்தோடு வந்தான். பின்னால் செல்வி. படத்தில் முகம் இல்லை, சாம்பல் தீற்றல்தான்.

நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து, விழாத திருகாணியைத் தேடினேன். அதே மையில் அதே தாளில் அடித்து அங்கே கிடந்த வேறொரு பிரிண்டைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்த விரல்... கருத்துவிட்டது. பளபளப்பான தாளில் அந்த மை ஒட்டவே இல்லை.

"ஏய்யா, அங்கன என்ன பொதையலா தோண்டுற? எந்திரி. என் தம்பி மூஞ்சி எங்க?"

அவன் கை துடுப்பு மாதிரி. எனக்கோ இருப்பது ஒரே மூக்கு. எழுந்தேன்.

"ஈரத்துணியால தொடச்சிருக்குண்ணே. யாரு தொடச்சா?"

"நாந்தான்" என்றாள் செல்வி. அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை அவன்.

"ஏ புள்ள, கடலு எடுத்தது போக மிச்சத்த நீ எடுத்துட்டியா?"

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரியான மையில் வேறு படம் அடித்து, கண்ணாடி போட்டு, இனாமாகக் கொடுத்தேன். "தங்கமான ஆளுய்யா நீ" என்று தோளைத் தட்டினான்.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அதனால்தான் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கென்று இன்னொரு படம் அடித்திருக்கலாம். ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அவளுக்குத் தனியாக ஏன் என்று அவன் கேட்டால்...? அடிக்கவில்லை.

புதுப் படத்தை அவன் தன் வீட்டில் மாட்டிக்கொண்டான். செல்வியிடம் கொடுக்கவில்லை.