வெளிப்பக்கம் சரிந்த சப்பாத்து

என் மேசை இழுப்பறையில் ஒரு கன்வஸ் சப்பாத்து இருக்கிறது. வலது காலுடையது மட்டும். தரையில் வைத்தால் நேராக நிற்காது. சுண்டுவிரல் பக்கமாகச் சரியும். அதைப் போட்டு ஓடியவள் என் அக்காவின் மகள். அவளுடைய கால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அந்தச் சப்பாத்தைப் பார்த்தே அறிந்துகொண்டவன் நான். அறிந்தும் சொல்லாமல், அதை ஒளித்து வைத்தவனும் நான்தான்.

அப்போது நான் உடற்கல்வி ஆசிரியர். அவளுக்குப் பதினெட்டு வயது. அக்கா அவளைக் கல்லடியில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, "இனி இவள் உன்ட பொறுப்பு தம்பி" என்றாள். மருமகளோ, "நானும் மாமாவப் போல விசில் ஊதி ஊரையே வெருட்டப் போறன்" என்று சிரித்தாள். மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீற்றரில் ஓர் இடம் கிடைத்தால் உடற்கல்விக் கல்லூரிக்குள் நுழைய அது கைகொடுக்கும். அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

விடியற்காலையில் கடற்கரையில் ஓடவைத்தேன். வடக்கே, முகத்துவாரம் பக்கமாக ஒரு தென்னை வரைக்கும் தூரத்தை நானே கயிறு பிடித்து அளந்திருந்தேன். அவள் திரும்பி வரும் நேரத்துக்குக் கரைவலை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். வலைக்கயிற்றைப் பெண்பிள்ளை தாண்டினால் மீன்படாது என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சத்தம் போடுவார். அதனால் போவது மணலால், வருவது தார் வீதியால் என்றானது. எந்நாளும் கடல் அவளுடைய வலப்பக்கத்திலேயே இருந்தது. ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கும். ஒவ்வொரு அடியிலும் வலது பாதம் பள்ளத்தில் விழுந்து வெளிப்பக்கமாக மடிந்தது. ஒருநாள் வடக்கே, மறுநாள் தெற்கே என்று ஓடவிட்டிருந்தால் போதும். ஆனால் தெற்கே நான் தூரம் அளக்கவில்லை. நேற்றைய நேரத்தையும் இன்றைய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை என்னை அந்த ஒரே தென்னையில் கட்டிப்போட்டது.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சொன்னாள்: "மாமா, சுண்டுவிரலுக்குப் பின்னால எலும்பு நோகுது. படுத்துக் கிடந்தாலும் நோகுது."

"ஓட ஓடச் சரியாயிரும் புள்ள."

அவள் குளிக்கப் போன பிறகு வாசலில் கிடந்த சப்பாத்துகளைக் கையில் எடுத்தேன். இடது கால் நேராக இருந்தது. வலது கால் துணி வெளிப்பக்கம் பிதுங்கி, அடி ஒருபக்கமாக நசிந்திருந்தது. விரலால் அழுத்தினால் எலும்பில் ஒரே இடத்தில் நோவதும், ஓய்விலும் விடாத நோவும் எலும்பில் வெடிப்பு விழுவதன் அடையாளம் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். சில கிழமைகள் ஓடாமல் இருந்தால் எலும்பு தப்பும், ஆனால் போட்டி போய்விடும். மாகாணத்துக்குப் பிள்ளை அனுப்பிய மாஸ்டர் என்று அதற்குள் ஊர் பேசத் தொடங்கியிருந்தது. புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். பழைய வலது சப்பாத்தைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். போட்டியன்று பாதத்தை இறுக்கிச் சுற்றிக் கட்டி, இரண்டு நோ மாத்திரை கொடுத்தேன்.

கடைசிக்கு முந்திய சுற்றில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். வளைவில் ஒரு கால் வைத்தாள். மற்றக் காலை வைக்க முடியவில்லை. புல்லில் குந்திவிட்டாள். காலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். என் கையில் நேரமானி ஓடிக்கொண்டே இருந்தது.

"முதலே நோ இருந்ததா?" என்று டொக்டர் கேட்டார். அவள் மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டொக்டர்" என்றாள். நானும் வாய் திறக்கவில்லை.

எலும்பு கோணலாகப் பொருந்தியது. கல்லூரி இல்லையென்றானது. பனிச்சங்கேணியில் வாவியில் மீன் பிடிப்பவரை மணந்து அங்கேயே இருந்துவிட்டாள். வலை கழுவ இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது மட்டும் அவளுடைய நொண்டல் தெரியாது. அக்காவோ கடைசிவரை, "என்ட தம்பி இல்லாட்டி இவள் மாகாணம் வரைக்கும் போயிரிப்பாளா?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை இழக்கப் பயந்தே இத்தனை வருடம் ஊமையாக இருந்தேன்.

இப்போது கல்லடிக் கடற்கரையில் காலையில் நடக்கிறேன். ஓடுகிறவர்களை மறித்து, ஒரே பக்கமாக ஓடாதீர்கள், சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள், எலும்பு நொந்தால் நிறுத்துங்கள் என்கிறேன். "அப்ப கடலத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கச் சொல்லுறீங்களோ ஐயா?" என்றான் ஒருவன். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் கேட்டு நின்றாள். ஒரு மாதத்துக்குப் பின் வந்து, கால் சுகம் என்று நன்றி சொன்னாள். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது.

அக்கா இறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு, சப்பாத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் மாமா. போட்டிக்கு முதலே பழசத் தேடினன். அலுமாரிக்குப் பின்னால கிடந்திச்சி."

"பிறகேன் புள்ள ஓடினாய்?"

"நீங்க ஒண்டும் சொல்லல்லயே. அப்ப பயமில்ல எண்டு நினைச்சன். நீங்க மாஸ்டர்தானே."

அடுத்த கிழமை மட்டக்களப்பில் எலும்பு வைத்தியரிடம் அவளைக் கூட்டிப்போனேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நோ தொடங்கிய நாளிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பினோம். பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கியதும் பையை அவளிடம் நீட்டினேன். எறிந்தாலும் சரி, எரித்தாலும் சரி, அது உன் பொருள் என்றேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பையின் வாயைச் சுருட்டி என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீங்களே வச்சிரிங்க மாமா. எனக்குத்தான் இந்தக் கால் இரிக்கே."