காதில் கருவி, தலையணையில் கை

பக்கவாதத்தில் என் கணவருக்கு வலது கை விழுந்துவிட்டது. திண்டிவனத்து பிசியோதெரபி மேடம், நரம்பைத் தூண்டும் சிறு கருவியைத் தந்து தினமும் காதில் மாட்டச் சொன்னார். கைப்பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். கைக்கு எதற்குக் காது? குழப்பத்தோடே ஒலக்கூர் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறும்போது கையை ஆட்டக்கூடாது என்றார்களே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கருவி ஓடும்போது அவர் கையைத் தலையணையில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பயிற்சியெல்லாம் கழற்றிய பிறகுதான்.

ஒரு மாதம் கழித்து மேடத்திடம் இதைச் சொன்னேன். "ஏம்மா, அது ஓடறப்பதாம்மா கைக்கு வேலை குடுக்கணும்" என்றார்.

இப்போது கருவியை மாட்டிக்கொண்டே என் கணவர் வலது கையால் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கப் பார்க்கிறார். நேற்று ஒரு கடலைத் தோடு உடைந்தது. காது எதற்கென்று இன்னும் புரியவில்லை. ஆனால், "இது ஓடறப்ப நாங்க இன்னா பண்ணணும்" என்று கேட்காமல் எதையும் வாங்கி வருவதில்லை. அசையப் பார்த்த விரலை அமுக்கிப் பிடித்தது நான்தானே.