அக்காவின் குரலும் வேறொருத்தியின் முகமும்

எங்கள் முதல் பாட்டு இறுவட்டின், சிடியின், அட்டையில் நாங்கள் நால்வரும் ஹட்டன் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்போம். தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. நடுவில் அக்கா, மடக்கிய குடையோடு, பல் தெரியச் சிரித்தபடி. கூடப் பிறந்தவள் அல்ல. எங்கள் கோயில் பாடகர் குழுவில் மூத்தவள் என்பதால் அக்கா. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்தாள். மலையகப் பெண்களின் முதல் பாப் குழு என்று சொல்லி எங்களைக் கொழும்புக்கு அழைத்துப்போன தயாரிப்பாளரை நாங்கள் 'சார்' என்றோம். நாங்கள் மூவரும் பாடினோம் என்பது உண்மைதான். ஆனால் பாட்டை எடுத்து நிறுத்தியது அக்காவின் குரல். மேலே போகும்போது இலேசாகக் கரகரத்து, உடைந்துவிடுமோ என்று பயம்காட்டி, உடையாமல் நிற்கும். அந்த வருடம் நுவரெலியா போகும் பஸ்களிலெல்லாம் அது ஒலித்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யாரிடமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே போவோம்.

பிறகு அக்காவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. சாரிடமிருந்து பேச்சே இல்லை. திடீரென்று ஒருநாள் கூப்பிட்டார். பழைய பாடல்களைச் சுத்தப்படுத்தி, இரண்டு புதுப் பாடல்கள் சேர்த்து மறுவெளியீடு செய்யப் போகிறாராம். அக்கா கைக்குழந்தையோடு கொழும்புக்கு வந்தாள். இடையிடையே வெளியே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து பாடினாள். பெற்றவளின் குரலில் ஏதோ ஒரு கனம் கூடியிருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

புது அட்டையைப் பார்க்க எங்களை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். கணினித் திரையில் நாங்கள் மூவரும் இருந்தோம், எங்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்துப்போய். நடுவில் முன்பின் பார்த்திராத ஒரு சிவந்த பெண். உடம்போடு ஒட்டிய சேலை, கழுத்து நிறைய நகை, முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டாமல் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அக்காவின் அம்மா ஆயுள் முழுக்கச் சுமந்த கூடை அது.

"சார், எம் மூஞ்சில என்ன கொற?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கொற ஒண்ணுமில்லம்மா. கொரல் ஒங்களோடதுதானே, அதுல யாரும் கை வைக்கலயே. படத்துக்கு ஒரு லுக் வேணும்," என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அதோடு விட்டாரா? குனிந்து அக்காவின் மடியிலிருந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். "நல்ல வேள, பாப்பா ஒங்க கலர்ல இல்ல."

அக்கா முந்தானையால் குழந்தையின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் சிவந்துபோயிற்று. எழுந்து வெளியே நடந்தாள்.

அக்கா இல்லாத அட்டையில் எங்கள் முகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் பின்னாலேயே வந்தோம். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னும் மூன்று சிவந்த பெண்களைப் பிடித்தார். மறுவெளியீட்டின் காணொளியில் தேயிலைச் செடிகளுக்கிடையே நான்கு அந்நியப் பெண்கள் இடுப்பை ஆட்டி, எங்கள் குரல்களுக்கு வாயசைக்கிறார்கள். என் தொண்டைக்குள் யாரோ விரலை விட்டதுபோல இருக்கும், ஒவ்வொரு முறையும்.

போன மாதம் அக்காவோடும் மகளோடும் பூண்டுலோயா பஸ்ஸில் போனேன். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டிரைவர் தலைக்கு மேலிருந்த திரையில் அந்தக் காணொளி ஓடத் தொடங்கியது. முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா, அந்தச் செவத்த பிள்ளை என்னமாய்ப் பாடுது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"அது எங்கம்மா பாடுனது," என்றாள் மகள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அந்த அம்மா திரும்பித் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார். திரையிலிருந்த பொய்யை நம்பிய அந்த ஜனங்களும் நம்மவர்கள்தான், அக்காவின் நிறத்தவர்கள்தான். அன்று சாரைவிட அவர்கள்மேல்தான் எனக்கு அருவருப்பு வந்தது.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாடிக் காட்டுங்கம்மா," என்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இவங்களுக்கு நான் எதுக்குப் பாடிக் காட்டணும்?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

எங்கள் இடம் வந்ததும் இறங்கினோம். வளைவில் பஸ் மறையும்வரை அவள் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா மகளின் கையைப் பிடித்தபடி லயத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.