ஐஸ் பெட்டியில் ஒரு துளி நுரையீரல்

என் வீட்டுக்காரருக்கு ஒன்றரை வருடம் டிபி மருந்து கொடுத்தார்கள். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிப்போனதே தவிர, இருமல் குறையவில்லை. பழவேற்காட்டு ஏரியில் நாளெல்லாம் வலை இழுத்தவர், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எண்பதுகளின் தொடக்கம் அது. பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று அவரைத் தாங்கிக்கொண்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிபியாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். வேற எதுவாவது இருந்தா மருந்தே வேற. நெஞ்சைத் திறக்க வேண்டாம்மா. விலா எலும்புக்கு நடுவுல நீள ஊசி விட்டு, துளி சதை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த ஊசியை விட்டு எடுத்தார்கள். அவர் வெளியே வந்தபோது இருமலோடு ரத்தம் வந்தது. நர்ஸ் என் கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே ஏதோ தண்ணீர், அதில் நூல் துணுக்கு மாதிரி அவருடைய சதை. அதைப் பார்க்கிற லேப் வேறு இடத்தில் இருந்தது, அன்றைக்கு மூடிவிட்டார்களாம். "திங்கக்கிழமை குடுத்துடுங்க. கெடாம பத்திரமா வச்சுக்கோங்க" என்றார். கொழுந்தனை அவருக்குத் துணைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க நான் எங்கள் ஊர் தோணிரேவுக்குத் திரும்பினேன்.

ரயிலில் மூடி கசிந்தது. அந்த நெடியில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. கண்ணையே இப்படி எரிக்கிறது, சதையை விட்டு வைக்குமா என்று பயந்துபோனேன். சதை அழுகாமல் இருக்கத்தான் அந்த மருந்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் வாய் இருந்தது, கேட்கத்தான் தோன்றவில்லை. படகில் வந்து இறங்கும் இறாலை வாங்கி, கம்பெனி வண்டி வரும்வரை ஐஸில் வைத்துக் காப்பாற்றுவது என் பிழைப்பு. என்னிடம் வந்து கெடாமல் வைத்துக்கொள் என்றால் நான் வேறென்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்ததும் மருந்தைக் கொட்டினேன். சதையை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, வெள்ளைத் துணியில் சுற்றி, இறால் பெட்டியில் ஐஸும் உப்புமாகப் போட்டுப் புதைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐஸ் உருக உருக மாற்றினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிக் காவல் இருந்ததில்லை.

திங்கட்கிழமை லேப்காரர் துணியைப் பிரித்தார். "இன்னாம்மா பண்ணே இத?" என்றார். சொன்னேன். "ஒறைஞ்சு செதைஞ்சு போச்சு. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." இன்னொரு தரம் பாருங்கள் சாமி என்று காலைப் பிடித்தேன். அவர் பாவம், காலை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி டாக்டர் கத்தினார். "அந்தாளு நுரையீரல் ஏற்கெனவே நைஞ்சு கிடக்குது. இன்னொரு தரம் குத்தினா தாங்குமா?" நான் சுவரோடு சுவராக நின்றேன். அப்போது என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"அவளத் திட்டாத சார். நாந்தான் ஐஸ்ல வைக்கச் சொன்னேன்."

ஐஸ் என்ற பேச்சையே அவர் அந்த நிமிஷம்தான் கேட்கிறார். டாக்டர் போனபிறகு என்னைப் பார்த்து, "இன்னாமே அழுவற? இன்னொரு தபா குத்தட்டும். ஒண்ணும் ஆவாது" என்றார்.

வியாழக்கிழமை மறுபடி குத்தினார்கள். இந்த முறை நுரையீரல் ஓட்டையாகி, காற்று நெஞ்சுக்குள் கசிந்தது. விலாவில் குழாய் சொருகினார்கள். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். சனிக்கிழமை அவர் போய்விட்டார்.

பாட்டிலை இந்தத் தடவை ஆஸ்பத்திரி ஆளே கொண்டுபோயிருந்தார். பத்து நாள் கழித்து ரிசல்ட் வாங்கப் போகிறேன் என்றேன். இனி எதுக்கு அண்ணி என்றான் கொழுந்தன். அவனிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனேன்.

டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்தார். கட்டி இல்லை, டிபியும் இல்லை. நுரையீரலில் ஒருவகை வீக்கமாம். மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுமாம்.

"நான் கெடுத்தேனே சார், அந்த மொத துளி. அதுலயே இது தெரிஞ்சிருக்குமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றார்.