அண்ணி பூசிய பவுடர்

என் அண்ணியை மருத்துவமனையில் எல்லோரும் 'மூச்சக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மார்பகப் படம் எடுக்கும் அறையில் நின்றுகொண்டு, "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று வருடக்கணக்காக அதட்டியதில் கிடைத்த பட்டம். வீட்டிலும் அதே அதட்டல்தான். என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் எவனுக்கும் வழி விடமாட்டான்; அண்ணி எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான்.

படம் எடுக்க வராமல் டிமிக்கி கொடுக்கும் பெண்களுக்கு அவளே போன் போட்டுத் திட்டுவாள். ஆனால் தன்னை மட்டும் ஒரு தடவைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். அவளுடைய அம்மா மார்பகப் புற்றுநோயில்தான் போய்ச் சேர்ந்தார். அண்ணிக்குப் பயம், வேறொன்றும் இல்லை. அது எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். சொல்லத்தான் இருவருக்கும் வாய் வரவில்லை.

அதே பிரிவின் வரவேற்பு மேஜையில்தான் எனக்கு வேலை. போன வருடம் அங்கே ஓர் ஆய்வு வந்தது. வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆய்வில் சேருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அதேபோல. மீதிப் பேருக்கு ஒரு டாக்டரும், செயற்கை நுண்ணறிவு உள்ள கம்ப்யூட்டரும். யாருக்கு எது என்பது குலுக்கல். எந்த வழியில் நோய் தப்பாமல் பிடிபடுகிறது, எதில் பெண்களை வீணாகத் திரும்ப அழைத்துக் கலங்கடிக்கிறார்கள் என்று கடைசியில் ஒப்பிடுவார்கள்.

அண்ணிக்குக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. "நேத்து வந்த பொட்டி, அதுக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒரு நாள் தானும் ஆய்வில் சேர்வதாகக் கையெழுத்துப் போட்டாள். நான் அசந்துபோனேன். குலுக்கலில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்போதே சந்தேகம்.

படம் எடுக்கும்போது உடம்பில் பவுடர் இருந்தால், அது வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து நோய் மாதிரியே ஏமாற்றும். அதனால் யார் வந்தாலும் அண்ணி முதலில் ஈரத்துணியை நீட்டித் துடைக்கச் சொல்வாள். அவளுக்குப் படம் எடுத்த பெண்ணோ அவளிடமே வேலை பழகியவள். மூச்சக்காவிடம் போய், "துடைச்சீங்களா?" என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

மறுநாள் டாக்டர் அண்ணியையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் இடது அக்குளருகே, சந்தேகமான இடம் என்று கம்ப்யூட்டர் ஒரு கட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணி கைதட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா டாக்டர் உங்க பொட்டியோட லட்சணத்தை! அது வெறும் பவுடர். நான்தான் வேணும்னே பூசிட்டு வந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சரிக்கா. வலது பக்கம் என்ன பூசினீங்க?"

"வலது பக்கமா? அங்க ஒண்ணும் பூசலையே."

அவர் அடுத்த படத்தைத் திறந்தார். அங்கேயும் ஒரு கட்டம் இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்தாள், எனக்கு வலித்தது.

துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். இடதுபக்கக் கட்டம் காணாமல் போனது, வலதுபக்கம் இருந்தது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மிகச் சிறியது. ஆபரேஷன் முடிகிற வரை அண்ணன் பஸ்ஸைத் தொடவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தான். அவள் திட்டத் திட்டத்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பொட்டி இல்லேன்னா நீங்க இதைக் கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"தெரியலக்கா. அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்த ஆய்வே. ஆனா உங்க படத்தை அதுல சேர்க்க முடியாது. வேணும்னே பவுடர் பூசிட்டு வந்தவங்களைக் கணக்குல எடுக்க மாட்டாங்க."

"எடுக்காட்டிப் போறாங்க. நான் இருக்கேன்ல?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அண்ணனைக் கேட்கவே வேண்டாம்.