எல்லாருக்கும் பொதுவான மருந்து

முதலில் அது நோயாகவே தெரியவில்லை. கெளுத்தி மீனின் முள் குத்திய எரிச்சல், அவ்வளவுதான். எமர்ஜென்சி முடிந்து தேர்தல் நடந்த வருடம். ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று வலைக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். இடது காலின் முன்னெலும்பில் சுருக்கென்றது. எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் கெளுத்தி குத்தாத கால் எது? சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறுநாளும் இறங்கினேன்.

மேலே புண் ஆறிவிட்டது. உள்ளே ஆறவில்லை. கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பொன்னேரியில் ஊசி போட்டும் அடங்காமல், கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தேன். எலும்பு அழற்சி (எலும்புக்குள் சீழ் பிடித்து, அதன் ஒரு பகுதி செத்துப்போவது) என்றார்கள். செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, என் மனைவி அஞ்சலை, அது மறுபடி முளைக்குமா என்று கேட்டாள். பெரியவர்களுக்கு அவ்வளவு சுலபமாக முளைக்காதும்மா என்று அவர் சிரித்தார்.

சின்ன வயது டாக்டர். சுரண்டிய இடத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, மேலே சிறியது, கீழே பெரியது. இரண்டிலும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை (சீழ் உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மருந்து) குழைத்து வைத்துத் தைத்தார். புது மருந்தில்லை. எங்கள் தெருவில் இருமலுக்கும் ஜுரத்துக்கும் வாங்கி விழுங்குவார்களே, அதே மாத்திரையின் தூள்தான்.

அடுத்த முறை எக்ஸ்ரே எடுத்தபோது அவர் படத்தை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மேல் பள்ளம் நிரம்பியிருந்தது. எலும்பு வளர்ந்திருந்தது. கீழே விளிம்பில் மட்டும் கொஞ்சம். கிருமியைக் கொல்லும் மருந்தே எலும்பையும் தட்டி எழுப்புகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். தூள் சீக்கிரம் கரைந்துவிடுவதால் பெரிய பள்ளத்துக்குப் போதவில்லை, மெதுவாகக் கரையும் வில்லைகளாகச் செய்தால் பலிக்கலாம், ஆனால் அதை ஒரு மருந்துக் கம்பெனிதான் செய்து, பலருக்குக் கொடுத்துச் சோதிக்க முடியும் என்றார். என் படங்களை எடுத்துக்கொண்டு போனார். ஊரில் என் கால் கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று கேலி செய்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கம்பெனி சொன்ன பதிலை டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். மருந்து பழையது, அதை எந்தக் கம்பெனியும் செய்யலாம். பழைய மருந்துக்குப் புது உபயோகம் கண்டுபிடித்தால், அதற்கு இங்கே காப்புரிமை (கண்டுபிடித்தவர் மட்டும் சில காலம் அனுபவிக்கும் தனி உரிமை) கிடையாதாம்.

"அப்போ அது எல்லாருக்கும் பொதுவா சார்?" என்றேன்.

"ஆமாப்பா. பொதுதான்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் ஏரியில் மீன் விழும் இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாடும் யாருடைய சொத்தும் அல்ல. சீட்டுப் போட்டு முறை வைப்போம். இன்று அவன், நாளை நான். நான் படுத்திருந்தபோதுகூட என் முறையில் தம்பி வலை கட்டி, மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பொது என்றால் நம் முறை வந்தே தீரும். எனக்குத் தெரிந்த பொது அது ஒன்றுதான்.

டாக்டர் அங்கேயே இன்னொன்றும் சொன்னார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துக் கீழ்ப் பள்ளத்தில் வைக்கலாம், தள்ளிப் போடாதே என்றார். படகில் நிற்பவனுக்கு இடுப்பைத் தொட்டால் என்ன மிஞ்சும்? மருந்து வரட்டும் சார் என்றேன். அவர் விளக்கத் தொடங்கினார். பின்னால் நீள வரிசை. நான் புரிந்தவன்போல் தலையாட்டினேன்.

அவர் சொல்ல வந்தது பின்னால்தான் விளங்கியது. ஒரு கம்பெனி செலவழித்துச் சோதித்து நிரூபித்தால், மறுநாளே பக்கத்துக் கம்பெனியும் அதே வில்லையைச் செய்து விற்கும். ஆகவே யாரும் முதலில் இறங்க மாட்டார்கள். எல்லாருக்கும் பொது என்பதே அதை யாரும் தொடாததற்குக் காரணம். எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் இதை நம்பியிருக்க மாட்டார்கள்.

மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் வந்துவிட்டதா என்று கேட்பேன். வேறு கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன் என்பார். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார். நானும் அதைக் கவனிக்கவில்லை. பனி தொடங்கும்போது காய்ச்சல் திரும்பி வந்தது. கீழ்ப் பள்ளத்தில் எலும்பு முறிந்து, சீழ் முழங்கால் மூட்டுக்குள் ஏறிவிட்டது.

டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே இடுப்பு எலும்ப வெச்சிருக்கணும். உன்ன நான் காக்க வெச்சிட்டேம்பா."

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. பொதுன்னா வரும்னுதான் எங்களுக்குத் தெரியும்."

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எலும்பில் சீழ் என்று டாக்டர் சொல்லக் கேட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு: புது வைத்தியம் வரப்போகிறது என்றால், எப்போது, யார் செய்கிறார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். இன்று கையில் இருக்கும் வைத்தியத்தை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். அந்த மருந்து உண்மையில் எலும்பை வளர்க்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பள்ளம் நிரம்பியது எதற்கும் சாட்சியாகாது என்று டாக்டரே சொன்னார். தானாகவே நிரம்பியும் இருக்கலாம். யாராவது சோதித்துப் பார்த்து, இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அன்றே இடுப்பைக் கொடுத்திருப்பேன். இல்லை என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போனதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. பொன்னேரி மருந்துக் கடையில் அந்த மாத்திரை இப்போதும் கிடைக்கிறது, இருமலுக்கு. நான் மீன் ஏலத்தில் கூவி விற்கிறேன், உட்கார்ந்தபடி. பகலில் கால் இல்லாதது பழகிவிட்டது. விடியலில்தான் பழகவில்லை. பாதித் தூக்கத்தில் இடது காலைத்தான் முதலில் கீழே இறக்குகிறேன். விரல்கள் விரிகின்றன, குதிகால் குளிர்கிறது, இதோ தரை என்று நினைக்கிறேன். அந்தக் கணத்தில் ஆஸ்பத்திரி இல்லை, கம்பெனி இல்லை, இன்னும் எதுவும் நடக்கவில்லை. தரை வராது. அஞ்சலை எழுந்து ஊன்றுகட்டையை எடுத்துக் கையில் கொடுப்பாள்.