பெரட்டு எடுத்த ஃபோல்டர்கள்

பழைய மடிக்கணினியைத் திருப்பி அனுப்பச் சொல்லி கம்பெனி எனக்கு ஐந்து நாள் கொடுத்தது. அதில் எழுபது ஃபோல்டருக்கு மேல் இருந்தது. கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் போட்டவை பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் போட்ட அன்றே சர்வருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவேன். போடாதவை மெஷினோடு போய்விடும். கொடகவெலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் செய்யும் சண்டித்தனத்தில் எல்லாவற்றையும் ஏற்றுவது நடக்காத காரியம். கிட்டில் இல்லாதவை எவை என்று மட்டும் தெரிய வேண்டும்.

"ஒன்னொன்னா தொறந்து பாத்தா அரை நாள்ல முடிஞ்சிருமேடா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஒரே கமாண்ட்ல முடியுற வேலக்கா."

அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் பதினாறு பிள்ளைகள் அவள் கையில். மாதாமாதம் அவர்களின் நிறையைக் கொப்பியில் எழுதிவந்தாள். அதற்கு நான்தான் அந்த மடிக்கணினியில் ஒரு சின்ன புரோகிராம் செய்து, பழைய கணக்கையெல்லாம் ஏற்றி, "இனி கொப்பி எதுக்கு?" என்று பெரிய மனிதனாகக் கேட்டேன். அவள் கொப்பிகளைப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டாள்.

கமாண்டை எழுத நாலு நாள் பிடித்தது. பெயரில் இடைவெளி விட்ட ஃபோல்டரை அது இரண்டாகக் கிழித்தது. அதைச் சரிசெய்தேன். பிறகு, கிட்டில் இருப்பதற்குப் பச்சை, இல்லாததற்குச் சிவப்பு என்று நிறம் கொடுப்பதில் ஒரு முழு நாளை வீணாக்கினேன். ஐந்தாம் நாள் ஓட்டினால், எல்லாமே பச்சை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன அவ்வளவு ஒழுங்கானவனா? சந்தோஷமாகப் பெட்டியில் போட்டு டவுனில் கூரியர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறு வாரம் பிள்ளைகளைப் பார்க்க மிட்வைஃப் நோனா வந்து, ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பழைய நிறைகளைக் கேட்டாராம். இறங்கிக்கொண்டே வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டுமாம். அக்கா என்னிடம் ஓடி வந்தாள். புது மெஷினில் தேடினேன். சர்வரில் தேடினேன். நிறைக் கணக்கு இருந்த ஃபோல்டர் எங்கேயும் இல்லை. கம்பெனிக்கு ஃபோன் அடித்தேன்.

"ஃபோமட் கரலா இவராய், மல்லி," என்றார் சிங்களத்தில் ஒருவர்.

அழித்து முடித்தாயிற்றாம், தம்பி.

என் கமாண்ட் மட்டும் பத்திரமாக சர்வரில் இருந்தது! அதைத் திறந்து பார்த்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எப்போதோ தப்பான இடத்தில் நின்று, எல்லா ஃபோல்டருக்கும் வெளியே இருக்கும் தாய் ஃபோல்டரில் கிட்டைத் தொடங்கி, அதில் ஒன்றையும் போடாமலே வைத்திருக்கிறேன். "நீ கிட்டில் இருக்கிறாயா?" என்று எந்த ஃபோல்டரைக் கேட்டாலும் தாய்தான் "ஆமா" என்றிருக்கிறது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வராதவர்களுக்கெல்லாம் ஒரே ஆள் குரல் கொடுத்த மாதிரி. எந்தக் கங்காணியும் ஏமாறாத இடத்தில் நான் ஏமாந்திருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"ஒரே கமாண்ட்ல முடியும்னியே," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு பிள்ளைக்காம்பராவுக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தாள். பின்னாலேயே போன என்னிடம் ஒரு பழைய கொப்பித் தாளை நீட்டினாள். நீல கிரேயோனில் பெரிய யானை.

"ஆனை வயித்துக்குக் கீழ அவ பேரு தெரியுது. வெளிச்சத்துல புடிடா, எத்தன கிலோன்னு பாப்போம்."

ஜன்னலோரம் போய்ப் பிடித்தேன். இப்படி இன்னும் நாற்பது படம் இருந்தது.